பிக் பிரவுனும் மாதாந்தர ஊசியும்

அமெரிக்காவில் கென்டக்கி டெர்பி, பிரீக்னெஸ், பெல்மான்ட் என்னும் மூன்று குதிரைப் பந்தயங்களையும் ஒரே ஆண்டில் வெல்வது அரிது. 1978-க்குப் பின் முப்பது ஆண்டுகள் எக்குதிரைக்கும் அது கைகூடவில்லை. 2008-இல் 'பிக் பிரவுன்' முதலிரண்டையும் எளிதில் வென்றது. அதன் பயிற்சியாளர் ரிக் டட்ரோ, மாதந்தோறும் 15-ஆம் நாள் தம் குதிரைகளுக்கு ஸ்டானோசலால் என்னும் ஸ்டீராய்டு மருந்தை ஊசி வழியே செலுத்துவதை ஒளிக்காது கூறினார். ஆண்மைச் சுரப்புநீரை ஒத்தது அது, தசையைப் பெருக்குவது. பந்தயம் நடந்த மூன்று மாநிலங்களிலும் அன்று அதற்குத் தடையில்லை. ஏப்ரலுக்குப் பின் பிக் பிரவுனுக்கு அதைக் கொடுக்கவில்லை என்றும் அவர் சொன்னார்.

ஜூன் 7-இல் பெல்மான்டில் அக்குதிரை தளர்ந்தது. ஏறியிருந்தவர் கடிவாளத்தை இழுத்துவிட்டார். ஒன்பது குதிரைகளில் கடைசி! ஊசி நின்றதால் ஓட்டமும் நின்றது என்று பலர் முடிவு கட்டினர். அவசர முடிவு என்பேன். கடைசி ஊசிக்கு ஏறத்தாழ ஒரு மாதம் கழித்தே அது பிரீக்னெஸை வென்றிருந்தது. பெல்மான்டுக்கு முன்னரே குளம்பில் வெடிப்பு, வெயிலோ கடுமை, ஓட்டத்தில் பின்னங்கால் இலாடம் பெயர்ந்திருந்ததைப் பின்னர் நிழற்படம் காட்டிற்று. மருந்தின் பங்கு எவ்வளவு என்பதை ஒரு தோல்வியிலிருந்து பிரித்தறிய இயலாது.

ஆயினும் அம்மாதமே அமெரிக்க நாடாளுமன்றக் குழுவொன்று விசாரணை நடத்தியது. டட்ரோ வரவில்லை. அடுத்த ஆண்டிற்குள் பெரும்பாலான பந்தய மாநிலங்கள் இத்தகைய மருந்துகளுக்குத் தடை விதித்தன.