சுமைக்கும் உண்டு ஒரு தராசு

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகையைக் கிலோ கணக்கில் எடை போட்டு விற்கிறார்கள். சரி, ஞாபகம் தவறிப்போன மாமியாரை ராப்பகலாகப் பார்த்துக்கொள்ளும் மருமகளின் சுமையை எந்தத் தராசில் வைப்பது? சிரிக்க வேண்டாம் நண்பர்களே, அதற்கும் தராசு செய்திருக்கிறார்கள்!

முதலில் மதுரைக் கதை. மதுரை மருத்துவக் கல்லூரியில் மனநலப் பேராசிரியராக இருந்தவர் டாக்டர் அ. வெங்கோபராவ். முதியோரின் மனநலத்தை நம் நாட்டில் அதிகம் பேர் கவனிக்காத காலத்திலேயே அதை ஆராய்ந்தவர். மதுரைக்கு அருகே ஒரு சிற்றூர்ப் பகுதியில் அவரும் மாதவனும் நடத்திய ஆய்வு 1982-ல் வெளியானது. முதியோரில் 1000-க்கு 89 பேருக்கு மனநலப் பாதிப்பு இருந்தது. மனச்சோர்வுதான் அதில் அதிகம். மறதி நோயும் இருந்தது.

இது நோயாளிகளின் கணக்கு. பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறவரின் கணக்கு?

அமெரிக்காவில் ஸ்டீவன் ஜாரிட்டும் அவர் குழுவினரும் 1980-ல் அதைத் தொடங்கினார்கள். 29 கேள்விகள். பிறகு அவை 22 ஆகக் குறைந்தன. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 88. "உங்களுக்கென்று நேரம் கிடைக்கிறதா?" என்கிற மாதிரியான கேள்விகள்தான். ஆனால் முடிவு ஆச்சரியமானது. நோயாளி எவ்வளவு தொல்லை கொடுக்கிறார் என்பதற்கும் சுமைக்கும் தொடர்பு தெரியவில்லை. மற்ற உறவினர்கள் அடிக்கடி வந்து பார்த்த வீடுகளில்தான் சுமை குறைவாக இருந்தது!

இந்தியாவும் சும்மா இருக்கவில்லை. பெங்களூரில் பையும் கபூரும் 1981-ல் 24 அம்சங்கள் கொண்ட அளவுகோலை வெளியிட்டார்கள். அதில் முதல் தலைப்பே பணச் செலவுதான். சென்னையில் ஸ்கார்ஃப் நிறுவனத்தின் டாக்டர் தாராவும் குழுவினரும் 1998-ல் 40 கேள்விகள் கொண்ட அளவுகோலைத் தந்தார்கள். பராமரிப்பவர்களிடமே முதலில் பேசி, அவர்கள் சொன்னதிலிருந்து உருவாக்கியது அது. இந்த இரண்டும் மனநோயாளிகளின் குடும்பங்களுக்காகச் செய்யப்பட்டவை.

அதே 1998-ல் கொச்சியில் "10/66" ஆய்வுக் குழு பிறந்தது. மறதி நோயாளிகளில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருக்க, ஆராய்ச்சியில் 10 சதவீதம்கூட அவர்களைப் பற்றி இல்லை என்பதே பெயரின் பொருள். இந்தியா உட்படப் பல நாடுகளின் 24 மையங்களில் 706 நோயாளிகளையும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களையும் ஆராய்ந்து 2004-ல் முடிவை வெளியிட்டார்கள். பார்த்துக்கொள்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வீட்டில் ஆட்கள் நிறைய. ஆனாலும் சுமை பணக்கார நாடுகளுக்குக் குறைவாக இல்லை!

"நமக்கென்ன, கூட்டுக் குடும்பம் இருக்கிறது" என்ற பேச்சு அங்கேயே அடிபட்டுப் போகிறது. கூட்டம் இருந்தாலும் வேலை ஒருத்தியின் தலையில்தான்.

2023-ல் வெளியான கணக்குப்படி இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் 7.4 சதவீதம், சுமார் 88 லட்சம் பேருக்கு மறதி நோய். அந்த வீடுகளில் சம்பளமில்லாமல் உழைப்பவர்கள் எந்த லாப நஷ்டக் கணக்கிலும் வருவதில்லை. கணக்கில் வராத செலவுக்கு யாரும் நிதி ஒதுக்கமாட்டார்கள். அதனால்தான் இந்தத் தராசு தேவைப்படுகிறது.

தராசு சுமையை இறக்கி வைக்காது, உண்மைதான். ஆனால் உறவினர்கள் வந்து போனால் சுமை குறைந்திருக்கிறது என்று 1980-லேயே காட்டிவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா வீட்டுக்குப் போய் இரண்டு மணி நேரம் பாட்டியோடு உட்கார்ந்திருக்க எந்த நிதி ஒதுக்கீடும் தேவையில்லை.