அளக்கப்படாத மேடு: அபர்வான் அனர்த்தமும் மண்பொறியியலின் சமூக வரலாறும்

தொழினுட்ப வரலாற்றை எழுதுவோர், ஓர் அறிவு எப்பொழுது கண்டறியப்பட்டது என்ற வினாவையே பெரிதும் எழுப்புவர். அவ்வறிவு யாருடைய நலனுக்காகப் பிரயோகிக்கப்பட்டது, எங்கே பிரயோகிக்கப்படாது விடப்பட்டது என்ற வினா அருகியே எழுகின்றது. இறுக்கப்பட்ட கைத்தொழிற் கழிவுகளின் வலிமையைச் சோதிக்கும் முறையின் வரலாறு இவ்வகையில் நோக்கற்பாலது.

மண்ணின் வலிமை உராய்வையும் ஒட்டற்பண்பையும் சார்ந்தது என்பதைப் பிரெஞ்சு இராணுவப் பொறியியலாளரான கூலோம் 1773இலேயே எடுத்துரைத்தார். துணிக்கைகளுக்கு இடைப்பட்ட நீரின் அமுக்கம் உயருமாயின் அவ்வுராய்வு குன்றும் என்பதை 1920களில் தெர்சாகி நிறுவினார். உருளை அச்சொன்றில் மண்ணைப் படைபடையாக இட்டு, குறித்த எடையுள்ள சம்மட்டியால் இடித்து, எவ்வளவு ஈரத்தில் அது மிகச் செறிவாக இறுகும் என அறியும் சோதனையை 1933இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் புரொக்டர் வெளியிட்டார். மாதிரியை எப்புறமும் நீரமுக்கத்தால் சூழ்ந்து, மேலிருந்து சுமையேற்றி முறிக்கும் மூவச்சுச் சோதனை பற்றிய பிஷப், ஹெங்கல் ஆகியோரின் நூல் 1957இல் வெளிவந்தது. அணைகள், பெருந்தெருக்கள், கட்டடங்கள் என மூலதனம் இடப்பட்ட இடங்களிலேயே இவ்வறிவு வளர்ந்தது. கழிவுக்குப் பரிமாற்றப் பெறுமதி இல்லை. ஆதலின் அதனைச் சோதிக்க ஆளுமில்லை.

தென் வேல்ஸில் மேர்தர் வேல் சுரங்கத்தின் ஏழாம் இலக்கக் கழிவு மேடு 1958இல் தொடங்கப்பட்டது. அது மலைச்சரிவிலே, நிலப்படங்களிற் குறிக்கப்பட்டிருந்த நீரூற்றுகளின் மேலேயே எழுப்பப்பட்டது. பாறைக் கழிவும் சலவை ஆலையின் நுண்கழிவும் இறுக்கப்படாமற் கொட்டப்பட்டன. இவ்வாறு தளர்வாகக் கிடக்கும் பொருள் நீரால் நிறைந்தபின் அசையுமாயின், துணிக்கைகள் நெருங்க முயலும்; இடையிலுள்ள நீர் வெளியேற நேரமிராது; சுமை முழுவதும் நீரின்மேற் சாரும்; உராய்வு மறைந்து மேடு திரவம்போல் ஓடும். இறுக்கப்பட்ட கழிவோ சிதையும்போது விரிய முற்படும். அவ்வேளை நீரமுக்கம் தாழ்வதால், பொருள் அசைவை எதிர்த்து நிற்கும். ஒரே கழிவின் இவ்விரு நடத்தைகளுக்கும் இடைப்பட்ட தூரம் சில உருளைகளின் செலவே.

1966 ஒக்டோபர் 21ஆம் நாள் காலை அம்மேடு சரிந்து பன்ட்கிளாஸ் பாடசாலையை மூடியது. மாண்டோர் 144 பேர். அவர்களுள் 116 பேர் சிறுவர்.

எச்சரிக்கை இல்லாமலில்லை. 1939இல் சில்ஃபினித்தில் ஒரு மேடு சரிந்தது. 1944இல் அபர்வானிலேயே நான்காம் மேடு வழுக்கியது. 1963இல் ஏழாம் மேடும் அசைந்தது. அதே ஆண்டில் நகர சபைப் பொறியியலாளர் பாடசாலைக்குப் பின்னால் உள்ள ஆபத்தைக் கடிதத்திற் குறிப்பிட்டார். 76 நாட்கள் அமர்ந்த விசாரணை மன்று 1967இல் தேசிய நிலக்கரிச் சபையே பொறுப்பெனத் தீர்த்தது. இம்பீரியல் கல்லூரியின் பிஷப் முதலியோர் அம்மேட்டின் கழிவை ஆராய்ந்தது அனர்த்தத்தின் பின்னரே.

இவ்விடத்து நம்மவருட் சிலர் தனியார் இலாபவேட்டை என்று எளிதிற் கூறி அமைந்துவிடக் கூடும். அது போதாது. அச்சுரங்கம் 1947 முதல் அரசுடைமை. உடைமையின் சட்டவடிவம் மாறியதேயன்றி, தோண்டியெடுத்த தொன்னைக் கணக்கிட்டு கழிவைக் கணக்கிற்கு வெளியே தள்ளும் உற்பத்திமுறை மாறவில்லை. கழிவு மேட்டின் அடிவாரத்தில் வாழ்ந்த தொழிலாளிக்கு அதனைப் பற்றித் தீர்மானிக்கும் அதிகாரமும் கிட்டவில்லை. தேசியமயத்தைச் சோசலிசமெனக் கொள்வோர் இதனைக் கருத்திற்கொள்ள வேண்டும்.

சுரங்கக் கழிவு மேடுகளின் பாதுகாப்புக்கெனச் சட்டம் 1969இல் இயற்றப்பட்டது. கழிவைப் படைபடையாக இறுக்குவதும் சோதிப்பதும் வழக்காயின. அவ்வாறு இறுக்கிய கழிவு பெருந்தெருக்களின் மண்ணணைகளுக்கு உகந்ததெனக் கண்டபின், நிலக்கரிச் சபையே அதனை 'மைன்ஸ்டோன்' என்ற பெயரில் விற்கத் தலைப்பட்டது. பண்டமானதும் அளவுகோல் தாமாக வந்து சேர்ந்தது!

எஞ்சிய மேடுகளை அகற்றும் செலவுக்கென, இறந்த பிள்ளைகளின் குடும்பங்களுக்காகத் திரட்டப்பட்ட நிதியிலிருந்து 1,50,000 பவுண் பெறப்பட்டது. 1997இல் அத்தொகை வட்டியின்றித் திருப்பியளிக்கப்பட்டது. 2007இல் வேல்ஸ் அரசு மேலும் 15 இலட்சம் பவுணை அந்நினைவு நிதிக்கு வழங்கியது.