குன்னூர் ஆய்வுக்கூடமும் கோபியின் ரத்தப் பரிசோதனையும்

கோபிசெட்டிபாளையத்தில் இன்று எந்த லேபில் ரத்தம் கொடுத்தாலும் சாயங்காலத்துக்குள் ஒரு தாள் கைக்கு வந்துவிடுகிறது. ஒரு பத்தியில் நம் எண், பக்கத்தில் இயல்பு அளவு. நம் எண் அதற்குக் கீழே இருந்தால் தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கும். அதைப் பார்த்த கையோடு மருந்துக்கடைக்குப் போய் வைட்டமின் மாத்திரை வாங்குகிறவர்கள் ஏராளம். இந்த அறிவெல்லாம் சீமையில் பிறந்து நமக்கு வந்து சேர்ந்தது என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. ஆனால் அதில் முக்கியமான ஒரு பங்கு குன்னூரிலும் கோவையிலும் சென்னையிலும் வேலூரிலும் உருவானது. அந்த வரலாற்றைப் படித்தால் ஒன்று தெளிவாகிறது. சத்துக்குறைவை முதலில் தட்டில் தேடினார்கள், பிறகு உடம்பில் பார்த்தார்கள். ரத்தத்தில் வைட்டமினை அளக்கும் எண் அதற்கும் பிறகே வந்தது. இந்த வரிசையை மறந்து, எண்ணில் தொடங்கி மாத்திரையில் முடிக்கும்போதுதான் தடுமாறுகிறோம்.

1918-இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் ஒற்றை அறையில் மருத்துவர் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி நோய் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். அந்த அறைதான் பின்னாளில் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாக வளர்ந்து, 1958-இல் ஹைதராபாத்துக்கு இடம் மாறி, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. இந்தியாவின் பல வட்டாரத்தார் உண்ணும் உணவை மெக்காரிசன் எலிகளுக்குக் கொடுத்து வளர்த்தார். முழுக் கோதுமையும் பாலும் காய்கறியும் சேர்ந்த பஞ்சாப் சீக்கியர் உணவில் எலிகள் நன்றாக வளர்ந்தன. அரிசியையே பெரிதும் நம்பிய சென்னை மாகாணத்து உணவில் நோஞ்சானாக நின்றன. கோவை வேளாண் வேதியியலாளர் பி. விஸ்வநாத்துடன் சேர்ந்து அவர் 1926-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி கீழே, மண்ணுக்கே இறங்கியது. மாட்டெரு இட்ட நிலத்தில் விளைந்த தானியத்துக்கும் ரசாயன உரமிட்ட நிலத்தில் விளைந்த தானியத்துக்கும் சத்தில் வேறுபாடு உண்டா என்பது கேள்வி. எருவில் விளைந்ததே மேல் என்றார்கள். அந்த முடிவை இன்று அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஆனால் ஒருவருடைய சத்துக்குறைவைப் புரிந்துகொள்ள அவருடைய வயல்வரை போக வேண்டும் என்று கொங்கு மண்ணில் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே நினைத்தார்கள் என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

1935 முதல் பத்தாண்டுகள் குன்னூர்க் கூடத்தை நடத்திய அய்க்ராய்டு காலத்தில் அரிசிப் புதிர் விடுபட்டது. மில்லில் தீட்டிய பச்சரிசி உண்ட வட சர்க்கார் கடலோரத்தில் பெரிபெரி தங்கியிருந்தது. புழுங்கலரிசி உண்ட தமிழ் மாவட்டங்களில் அது பெரிய நோயாகவில்லை. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள, பெரிபெரியைத் தடுக்கும் தயமின் என்ற வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது, பிறகு தீட்டினாலும் ஒரு பகுதி தங்கிவிடுகிறது. கொடிவேரி அணையிலிருந்து தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் பாய்கிற கோபி வயல்களின் நெல்லை அவித்துக் காயவைத்து அரைத்தவர்கள் தயமின் என்ற பெயரை அறியாமலே அதைக் காப்பாற்றி வந்தார்கள். இதைக் கண்டுபிடிக்க ரத்தத்தில் வைட்டமினை அளக்க வேண்டியிருக்கவில்லை. எந்த ஊர், என்ன அரிசி, எப்படி அரைத்தது என்று கேட்டதே போதுமாக இருந்தது.

ரத்தத்தை நேராகப் பார்த்துத் தொடங்கியவர் ஆங்கிலேய மருத்துவர் லூசி வில்ஸ். பம்பாயில் கர்ப்பிணிகளைக் கொன்ற ஒருவகைச் சோகையை ஆராய 1928-இல் இந்தியா வந்தார். அடுத்த ஆண்டு குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும், 1931-இல் சென்னை கோஷா ஆஸ்பத்திரியிலும் வேலை செய்தார். அந்தப் பெண்களின் சிவப்பணுக்கள் அளவுக்கு மீறிப் பெருத்திருந்தன. பெர்னீஷியஸ் சோகை என்ற வேறொரு நோயிலும் அப்படித்தான் இருக்கும். உருப்பெருக்கிக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் வில்ஸ் அவர்கள் உண்டதைக் கேட்டார், அது ஏழை உணவு என்று கண்டார், ஈஸ்ட் சாறான மார்மைட்டைக் கொடுத்துக் குணப்படுத்தினார். பெர்னீஷியஸ் சோகையைத் தீர்த்த தூய கல்லீரல் சாறு இவர்களுக்குப் பலிக்கவில்லை என்றும் பின்னர் காட்டினார். அப்படியானால் குறைந்திருந்தது வேறொரு பொருள். அதுதான் ஃபோலிக் அமிலம். 1945-இல் அதைச் செயற்கையாகத் தயாரித்த அமெரிக்கக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். கோபி வட்டாரத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்குத் தரும் இரும்புச்சத்து மாத்திரையில் ஃபோலிக் அமிலம் சேர்ந்திருப்பது இந்த வழியில் வந்ததே. அதற்கடுத்து நடந்ததுதான் நமக்கு வேண்டிய பாடம். பெர்னீஷியஸ் சோகை நோயாளிகளுக்கும் ஃபோலிக் அமிலத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் ஏறியது. ஆனால் கால் மரத்துப்போவதும் நடை தள்ளாடுவதும் சிலருக்கு அதிகமாயின. அவர்களுக்குக் குறைந்திருந்தது 1948-இல் பிரித்தெடுக்கப்பட்ட பி12. ரத்தம் தேறியது, நரம்பு கெட்டது. தாளில் எண் சரியாவதும் ஆள் சரியாவதும் வேறு வேறு என்பதற்கு இதைவிட வலுவான சான்று எனக்குத் தெரியவில்லை.

தாளில் அச்சாகும் இயல்பு அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரும்பாலான பரிசோதனைகளில் அது ஆரோக்கியமானவர்கள் 100 பேரில் நடுவிலுள்ள 95 பேருக்கு இருக்கும் அளவு. மீதி 5 பேர் நோயில்லாமலே எல்லைக்கு வெளியே நிற்பார்கள். ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 பரிசோதனைகளை ஒரே நாளில் செய்தால், முழு ஆரோக்கியமான ஒருவருக்கும் ஏதாவது ஒன்று வெளியே போக 64 சதவீத வாய்ப்பு உண்டு. முழு உடல் பரிசோதனைத் தொகுப்புகள் இத்தனை தடித்த எழுத்துகளைத் தருவதற்கு இதுவும் ஒரு காரணம். வைட்டமின் டி-யின் கதை வேறு. அங்கே எல்லை என்பது நிபுணர் குழுவின் தீர்ப்பு. மில்லிலிட்டருக்கு 20 நானோகிராம் பெரும்பாலோருக்குப் போதும் என்றது ஒரு அமெரிக்கக் குழு, 30 வேண்டும் என்று 2011-இல் சொன்னது எண்டோகிரைன் சொசைட்டி. அதே சொசைட்டி 2024-இல் அந்த 30-ஐக் கைவிட்டு, நோய்க்குறி இல்லாதவர்களுக்கு வழக்கமாக இந்தப் பரிசோதனை செய்ய வேண்டாம் என்றும் சொல்லிவிட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் 24 என்ற எண்ணுக்காகக் கவலைப்பட்டவர்கள் நம் ஊரிலும் எத்தனையோ பேர் இருப்பார்கள்.

தட்டைக் கேட்டாலே தெரியும் என்றால் பரிசோதனை எதற்கு என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஹீமோகுளோபின் 8-க்கு இறங்கிய பிறகும் களை எடுக்கவும் பனியன் கம்பெனிக்கும் போய்வரும் பெண்கள் உண்டு. அவர்களுடைய சோர்வை வீடும் ஊரும் இயல்பென்று நினைத்துவிடும், அதைக் காட்டிக்கொடுப்பது எண் ஒன்றே. அதனால் பரிசோதனையைக் குறைக்கச் சொல்வது என் வாதமல்ல. ஆனால் அதே 8 எல்லோரிடமும் ஒரே செய்தியைச் சொல்வதில்லை. நீலகிரிப் பழங்குடியினரிடையே அரிவாள் அணு இருப்பதை ஆய்வாளர்கள் லேமனும் கட்புஷும் 1952-இல் வெளியிட்டார்கள், இந்தியாவில் வந்த முதல் அறிவிப்புகளில் அதுவும் ஒன்று. அரிவாள் அணுவால் வரும் சோகை இரும்பு மாத்திரையால் தீராது. பி12 எண்ணும் இடத்தைச் சார்ந்திருக்கலாம். தென்னிந்தியர்களின் சிறுகுடல் பாக்டீரியாக்கள் பி12-ஐ உற்பத்தி செய்ய வல்லவை என்று வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 1980-இல் காட்டினார்கள்.

மாத்திரை விழுங்குவதால் என்ன கெட்டுவிடும், வேண்டாதது சிறுநீரில் போய்விடாதா என்பது அடுத்த வாதம். பி வைட்டமின்களில் பெரும்பாலானவற்றுக்கு அது ஓரளவு பொருந்தும். டி வைட்டமின் கொழுப்பில் கரைந்து தங்கிவிடும். வாரத்துக்கு ஒன்று என்று எழுதித் தந்த 60,000 யூனிட் மருந்தைத் தினமும் சாப்பிட்டு, கால்சியம் ஏறிச் சிறுநீரகம் கெட்டவர்கள் உண்டு. கறி, மீன், முட்டையோடு பாலையும் அறவே தொடாதவர் பி12-ஐ மாத்திரையாக எடுத்தே ஆக வேண்டும், அதில் தயக்கம் வேண்டாம். ஆனால் பால் தயிர் தாராளமாகச் சேர்க்கும் வீட்டில் ஒருவருக்குப் பி12 குறைந்தால், பல வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறாரா, வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை பழக்கமா, குடல் நோய் உண்டா என்று கேட்க வேண்டும். இந்த மூன்றும் பி12 உடம்பில் சேர்வதைத் தடுக்கக்கூடியவை. லேபிலிருந்து வரும் தாளில் இவற்றுக்கு இடமில்லை. மருத்துவர் கேட்க வேண்டும், கேட்காவிட்டால் நாமே சொல்ல வேண்டும்.