கம்ப்ரசர் டேங்கில் தினமும் தண்ணீர் வடிக்கணும்! பட்டறை, பஞ்சர் கடைக்காரர்களே உஷார்

நாமக்கல்: லாரி பாடி கட்டும் பட்டறை, டயர் ரீட்ரெடிங், பஞ்சர் கடை, வாட்டர் சர்வீஸ் என சேலம், நாமக்கல் வட்டாரத்தில் கம்ப்ரசருக்கு ஓய்வே இல்லை. 'காத்து வந்தா போதும்' என்று பலரும் அதன் டேங்கை கவனிப்பதில்லை. ஆபத்து அங்கேதான் ஆரம்பம்.

காற்றை அழுத்தினால் சூடாகும். டேங்கில் அது ஆறும்போது ஈரம் தண்ணீராகி அடியில் தேங்குகிறது. வெளியே பெயிண்ட் பளபளக்கும். உள்ளே துருப்பிடித்து தகடு மெலிந்துவிடும். லாரி டயருக்கு 100 பி.எஸ்.ஐ.க்கு மேல் காற்று வேண்டும். அந்த அழுத்தத்தில் தகடு கிழிந்தால் டேங்க் குண்டு போல வெடிக்கும். மாடிப்படிக்கு அடியில் வைத்திருந்தால் மேலே இருப்பவர்களுக்கும் ஆபத்து.

தடுப்பது சுலபம். தினமும் வேலை முடிந்ததும் டேங்க் அடியிலுள்ள வால்வைத் திறந்து தண்ணீரை வடிக்க வேண்டும். வாரம் ஒருமுறை சேஃப்டி வால்வு வளையத்தை இழுத்துப் பார்க்கணும். காற்று பீறிட வேண்டும், விட்டதும் மூட வேண்டும். 'கசியுது' என்று அதை அடைத்துவிட்டால் கதை முடிந்தது. ஓட்டை விழுந்த டேங்கை வெல்டிங் வைத்து ஓட்டக்கூடாது, மாற்றுவதே சரி. பெல்ட்டுக்கு மூடி கட்டாயம். உடம்பு தூசியை ஊத காற்று பிடிக்கவே கூடாது.

1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டம் 31-வது பிரிவில் அழுத்தக் கலன்களின் பாதுகாப்பை வலியுறுத்தியது. ஆனால் மின்சாரத்தில் இயங்கி, 10 பேராவது வேலை செய்யும் இடங்களுக்கே அது பொதுவாகப் பொருந்தியது. சின்னக் கடைக்கு ஓனர்தான் இன்ஸ்பெக்டர்!