தோளா, இடுப்பா? மிதிவண்டி உடையின் வரலாறு

நெடுந்தொலைவு மிதிவண்டி ஓட்டத் தொடங்கும் எவரும் சில வாரங்களிலேயே ஒரு கேள்வியை எதிர்கொள்வர். இடுப்பில் எலாஸ்டிக் பட்டையால் நிற்கும் வழக்கமான சைக்கிள் ஷார்ட்ஸை வாங்குவதா, தோள்வார்களில் தொங்கும் பிப் ஷார்ட்ஸை வாங்குவதா? கடையில் வசதி, விலை என்னும் இரு சொற்களில் இதற்கு விடை கிடைத்துவிடும். ஆடை வரலாற்றின் பக்கமிருந்து பார்த்தால் விடை அவ்வளவு எளிதன்று. மிதிவண்டி தோன்றிய நாள் முதல் அதன்மேல் அமர்வோரின் உடையை மூன்று காரணிகள் முடிவு செய்து வந்துள்ளன: ஓட்டுபவரின் உடல், வண்டியின் அமைப்பு, பார்ப்பவரின் கண். இம்மூன்றில் பெரும்பாலும் வென்றது கடைசியே என்பதுதான் இப்பதிவின் வாதம்.

சொற்களிலிருந்து தொடங்கலாம், மட்டாஞ்சேரி அதற்குப் பொருத்தமான இடம். போர்த்துக்கீசியர் ஏறத்தாழ 1555இல் கட்டியளித்து, 1663இல் கொச்சியைக் கைப்பற்றிய டச்சுக்காரர் பின்னர்ச் செப்பனிட்ட அரண்மனை இங்குதான் உள்ளது. போர்த்துக்கீசியரின் ‘கல்சாவ்’ என்னும் சொல் இலங்கைத் தமிழில் ‘களிசான்’ ஆகவும் சிங்களத்தில் ‘கலிசம’ ஆகவும் நிலைத்தது. ‘கால்சராய்’ என்பதிலுள்ள ‘சராய்’ அரபு, பாரசீக மொழிகளின் ‘சிர்வால்’, ‘ஷல்வார்’ குடும்பத்தோடு தொடர்புடையதாகக் கருதப்படுகிறது. ‘பைஜாமா’ பாரசீகத்தில் கால், ஆடை என்னும் இரு சொற்களின் கூட்டு. நம் ‘கால்சட்டை’யும் அதே அமைப்புடையது.

இவற்றுள் சுவையான பயணம் ‘நிக்கர்’ என்னும் சொல்லுடையது. 1809இல் அமெரிக்க எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங், டீட்ரிக் நிக்கர்பாக்கர் என்னும் டச்சுப் புனைபெயரில் நியூயார்க்கின் வரலாற்றை நகைச்சுவையாக எழுதினார். பின்னர் இலண்டனில் வந்த பதிப்புக்கு ஜார்ஜ் க்ரூக்‌ஷாங்க் வரைந்த படங்களில், அந்நகரில் குடியேறிய டச்சுக்காரர் முழங்காலோடு முடியும் தொளதொளத்த கால்சட்டையில் தோன்றினர். அவ்வுடைக்கே ‘நிக்கர்பாக்கர்’ எனப் பெயர் வழங்கலாயிற்று. 1890களின் ஐரோப்பிய மிதிவண்டி ஓட்டிகள் விரும்பி அணிந்தது அதைத்தான். அப்பெயர் குறுகி, ஆங்கிலத்தின் வழியே தமிழுக்கும் மலையாளத்துக்கும் ‘நிக்கர்’ ஆக வந்து சேர்ந்தது. டச்சுக்காரர் 1795 வரை ஆண்ட கொச்சிக்கு, டச்சுக்காரரைக் கேலி செய்த ஒரு சொல் நியூயார்க், இலண்டன் வழியாக வந்து சேர்ந்திருக்கிறது.

நம்மிடம் சொற்களே இல்லாமற் போகவில்லை. மல்லரும் கூத்தரும் அணிந்த குறுங்கால்சட்டைக்குச் ‘சல்லடம்’ என்று பெயர். காவல் தெய்வங்களின் வருணனையில் ‘சல்லடமும் கச்சையும்’ இன்றும் இணைந்தே வரும். வேட்டியைக் கால்களுக்கிடையே இழுத்துச் செருகுவதைத் ‘தாறு பாய்ச்சிக் கட்டுதல்’ என்கிறோம். உடலை விரைந்து இயக்க வேண்டியவர்க்குக் காலைப் பிரித்துக் காட்டும் உடை தேவை என்பதை இச்சொற்கள் அறிந்தே வைத்திருக்கின்றன. ஆனால் இவை யாவும் இடுப்பில் நிற்பவை. கீழுடையைத் தோளிலிருந்து தொங்கவிடும் வழக்கம் ஐரோப்பாவிலிருந்து வந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய ஆண்களின் கால்சட்டையைத் தாங்கியது தோள்வார். முதல் உலகப் போருக்குப் பிறகு இடுப்புவார் அந்த இடத்தைப் படிப்படியாகப் பிடித்துக்கொண்டது. அலுவலகமும் தெருவும் கைவிட்ட தோள்வாரை மிதிவண்டிப் பந்தயம் கைவிடவில்லை. காரணம் கம்பளி. அக்காலப் பந்தய வீரரின் ஷார்ட்ஸ் கம்பளியால் பின்னப்பட்டது. மழையிலும் வியர்வையிலும் நனைந்தால் கனத்துக் கீழே இறங்கும். உள்ளே தைக்கப்பட்டிருந்த ‘ஷாமி’ என்னும் மெல்லிய தோல்துண்டும் இடம் பெயர்ந்து தொடையை உராயும். எனவே பலர் சட்டைக்குள்ளே தோள்வார் மாட்டிக்கொண்டனர். ‘ஷாமி’ என்பது ஆல்ப்ஸ் மலையில் வாழும் ஆட்டினத்தைச் சேர்ந்த ஒரு விலங்கின் பெயர். இன்று அங்கே இருப்பது செயற்கை நுரையாலான மெத்தை, பெயர் மட்டும் அவ்விலங்கினுடையது.

1958இல் டூபாண்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் உருவாக்கிய ஸ்பாண்டெக்ஸ் இழை, லைக்ரா என்னும் வணிகப் பெயரோடு 1970களின் பிற்பகுதியில் பந்தய ஷார்ட்ஸுக்குள் நுழைந்தது. துணியே உடலைப் பற்றிக்கொண்டதால் தோள்வார் தேவையற்றதாகியிருக்க வேண்டும். நடந்தது வேறு. தனியே மாட்டிய தோள்வார் உடையோடு சேர்த்துத் தைக்கப்பட்டு, 1980களில் பிப் ஷார்ட்ஸ் பரவலாயிற்று. பந்தய வண்டியில் ஓட்டுபவர் முன்னே குனிந்திருப்பார். இடுப்பு எலாஸ்டிக் அப்போது வயிற்றை அழுத்தும், மூச்சை ஆழ இழுக்கையில் தடையாகும். குனியும்போது முதுகுப்புறத் துணி கீழிறங்கித் தோல் வெளியே தெரியும். தோள்வார் இவ்விரண்டையும் தீர்ப்பதோடு மெத்தையையும் அதனிடத்தில் நிறுத்துகிறது. குழந்தையின் கழுத்தில் கட்டும் வாய்த்துணிக்குரிய ‘பிப்’ என்னும் பெயர், மார்பை மூடும் அதன் முன்பகுதியால் வந்தது.

இதுவரை சொன்னது உடலின் தரப்பு. பார்ப்பவரின் தரப்பு வேறு. 1890களின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் சாலையோர நேரப் போட்டிகள் காவல்துறையின் கண்ணில் படாதவாறு விடியற்காலையில் நடந்தன. போட்டியாளர் கழுத்து முதல் கணுக்கால் வரை கருப்புடை அணிய வேண்டும் என்னும் விதி பின்னர் பல பத்தாண்டுகள் நீடித்தது. பெண்களுக்கு நிலை இன்னும் கடுமை. 1881இல் இலண்டனில் தோன்றிய ‘பகுத்தறிவு உடைச் சங்க’த்தின் முன்னோடியான ஹார்பர்ட்டன் சீமாட்டி, 1898இல் சர்ரே மாவட்டத்தின் ஆக்கம் ஊரிலுள்ள ஒரு விடுதிக்கு மிதிவண்டியில் சென்றார். பிரிந்த கால்களுடைய உடை அணிந்திருந்ததால் அவருக்குக் காபி அறையில் இடம் மறுக்கப்பட்டது. மிதிவண்டிச் சுற்றுலாச் சங்கம் அவர் சார்பில் தொடுத்த வழக்கு 1899இல் தோற்றது. ஐரோப்பா வண்டிக்காக உடையை மாற்ற முயன்றது. அம்முயற்சியைப் பார்ப்பவரின் கண் தடுத்தது.

நம் பகுதியில் பெரும்பாலும் உடை அப்படியே இருக்க, வண்டி மாறியது. லேடீஸ் சைக்கிளின் தாழ்ந்த கம்பி, சங்கிலியை முழுதும் மூடும் செயின் கவர், நிமிர்ந்து அமர ஏதுவான உயர்ந்த ஹேண்டில்பார் ஆகியவை வெளிநாட்டில் பாவாடைக்காகத் தோன்றி, இங்கே சேலைக்கும் வேட்டிக்கும் பயன்பட்டவை. இதே நோக்கு சட்டத்திலும் ஏறியிருக்கிறது: 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆம் விதி, மோட்டார் சைக்கிளின் பின்னே அமர்வோரின் ஆடை சக்கரத்தில் சிக்காதவாறு பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூடும் காப்பு வேண்டும் என்கிறது. அங்கே பொறுப்பு உடையின்மேல் அன்று, வண்டியின்மேல் வைக்கப்பட்டுள்ளது. ஆண்களுக்கு இன்னொரு வழியும் இருந்தது. மலையாளிகள் முண்டை ‘மடக்கிக் குத்துவது’ போலத் தமிழரும் வேட்டியை மடித்துக் கட்டினர்; ஒரு நொடியில் முழு உடை அரையுடையாகும்.

ஆனால் அந்த மடிப்புக்கும் இலக்கணம் உண்டு. பெரியவர் எதிரே வந்தால் மடித்ததை அவிழ்த்துவிடுவது மரியாதை. மிதிவண்டியில் செல்பவர் இறங்காமல் அதைச் செய்ய இயலாது. அவிழ்ந்த வேட்டி சங்கிலியில் மாட்டும். இறங்குதல் என்னும் இச்செயல் சாதியோடு சேரும்போது மரியாதை என்னும் எல்லையைக் கடந்துவிடுகிறது. ஆதிக்கச் சாதியினரின் தெருவில் தலித்துகள் மிதிவண்டியை விட்டிறங்கித் தள்ளிக்கொண்டு செல்ல வேண்டும் என்னும் கட்டாயம் தமிழகச் சிற்றூர்கள் பலவற்றில் இருந்தது. தோளில் கிடந்த துண்டு இடுப்புக்கோ அக்குளுக்கோ இறங்க வேண்டியிருந்ததும் அதே தெருவில்தான். கொச்சிக்குத் தெற்கே திருவிதாங்கூரில், தோள்சீலைப் போராட்டத்தின் முடிவில் 1859இல் நாடார் பெண்கள் மேலாடை அணிய அரசு இசைந்தபோதும், உயர்சாதிப் பெண்களைப் போல அணியலாகாது என்னும் நிபந்தனை நீங்கவில்லை. தோளா இடுப்பா என்பது இங்கே உடல் வசதியைப் பற்றிய கேள்வியாகத் தோன்றவில்லை. யாருக்கு எவ்வுரிமை என்பதாகவே தோன்றியது.

இப்பின்னணியில் 1990களின் தொடக்கத்துப் புதுக்கோட்டையை மீண்டும் படிக்க வேண்டும். மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு மிதிவண்டியையும் பெண்களிடம் கொண்டுசென்றது. பி. சாய்நாத் தம் கட்டுரைகளில் இதைப் பதிவு செய்துள்ளார். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளையே ஓட்டினர். முன்கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதால் சிலர் அதையே விரும்பவும் செய்தனர். சேலைக்குத் தடையென்று வடிவமைப்பாளர் கருதிய கம்பியை அவர்கள் இருக்கையாக்கிக்கொண்டனர். ஐரோப்பியப் பெண்களுக்கு உடைமாற்றம் விடுதலையின் அடையாளமாயிற்று. புதுக்கோட்டைப் பெண்களுக்கு உடை மாறாமலேயே வண்டி கைவந்தது. விடுதலைக்கு ஒரே உடைதான் என்று கருதும் வரலாற்றெழுத்து இதனை விளக்க முடியாது.

பிப் ஷார்ட்ஸுக்குத் திரும்புவோம். அது உடலின் தேவையிலிருந்து பிறந்த உடை என்றேன். ஆனால் யாருடைய உடல்? ஆண் பந்தய வீரருடையது. ஆண் ஒருவர் முன்பகுதியைச் சற்றுக் கீழிழுத்துச் சிறுநீர் கழிக்கலாம். பெண் ஒருவர் மேற்சட்டையைக் கழற்றித் தோள்வார்களை இறக்கிய பின்னரே அதைச் செய்ய முடியும். அதற்குத் தாழிட்ட அறை வேண்டும். பின்பகுதியை மட்டும் கழற்றும் அமைப்பும், கழுத்தில் மாட்டும் வார் அமைப்பும் பின்னர் வந்தன. அவற்றின் விலை பெரும்பாலும் கூடுதல். சாலையோரக் கழிப்பறை அரிதாக உள்ள நாட்டில், உடைத் தேர்வு பொதுக் கட்டமைப்பின் கேள்வியாகவும் ஆகிவிடுகிறது. தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டு ஓட்டும் பெண் செலுத்துவது உடல்நலத்தின் விலை.

கொச்சியில் இன்று தேர்வு செய்வோர் என்ன செய்யலாம்? மட்டாஞ்சேரி பஜார் சாலையிலிருந்து ஃபோர்ட் கொச்சிப் படகுத்துறை வரை போய்வர இரண்டுமே வேண்டியதில்லை. வேட்டியோ சுடிதாரோ போதும். ஒரு மணி நேரத்தைத் தாண்டும் பயணத்துக்கு மெத்தை வைத்த வழக்கமான ஷார்ட்ஸ் பயன்படும். இடுப்புப் பட்டை அகலமாக இருந்தால் வயிற்றில் அழுத்தம் குறையும். 200 கி.மீ. தொலைவை 13 மணி 30 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டிய ‘பிரெவே’ ஓட்டங்களில் தோள்வாரின் பயன் தெளிவாகத் தெரியும். இங்கத்திய புழுக்கத்தில் வலைத்துணியாலான வார்களே தாங்கும். எதுவாயினும் உள்ளாடை இன்றி அணிந்து, ஒவ்வொரு பயணத்துக்குப் பின்னும் துவைக்க வேண்டும். மழைக்காலத்தில் மெத்தை காய இரண்டு நாளாகும் என்பதால் ஒரு விலையுயர்ந்த பிப்பைவிட இரு எளிய ஷார்ட்ஸ் மேல்.

துவைத்தல் என்றதும் ஃபோர்ட் கொச்சி வெளிப் பகுதியிலுள்ள டோபி கானா நினைவுக்கு வருகிறது. டச்சுப் படையினரின் சீருடையைத் துவைக்க வரவழைக்கப்பட்டவர்கள் தம் முன்னோர் என்பது அங்குள்ள தமிழ் வண்ணார் சமூகத்தின் மரபு. வெள்ளையரின் கால்சட்டையை அணியத்தக்கதாக வைத்திருந்தது தமிழரின் கை. கஞ்சியும் இஸ்திரியும் வேண்டாத லைக்ரா, அக்கைக்கு எந்த வேலையும் தருவதில்லை.

ஆடை வரலாற்றில் அணிந்தவரைப் பற்றி நிறைய எழுதியுள்ளோம்; துவைத்தவர், தைத்தவர், இறங்கி நடக்க வைக்கப்பட்டவர் பற்றிக் குறைவாகவே எழுதியுள்ளோம். மிதிவண்டியை முதன்முதலில் ஓட்டியபோது என்ன உடுத்தியிருந்தீர்கள், யார் என்ன சொன்னார்கள் என்று உங்கள் வீட்டு மூத்தோரிடம் கேட்டு, ஊர்ப்பெயரோடும் ஆண்டோடும் எழுதி வையுங்கள். வாய்மொழி வரலாறு பயிலும் மாணவர்க்கு இது உடனே தொடங்கக்கூடிய பணி. அந்தத் தலைமுறையிடம் கேட்பதற்கான காலமும் குறைந்துகொண்டே வருகிறது.