பழைய சோறும் பனை நுங்கும்: கோடை உணவின் கதை

சித்திரை பிறந்து முழு ஆண்டுத் தேர்வும் முடிந்துவிட்டால், தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு தனி உலகம் திறந்துவிடும். ஆச்சி வீடு, அத்தை வீடு, மாமா வீடு என்று ஊருக்கு ஊர் பயணம். பகலெல்லாம் வேப்ப மர நிழல், இரவெல்லாம் மொட்டை மாடி. அந்த நாட்களைப் பற்றிப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பார்த்த இடங்களைவிடத் தின்ற பண்டங்களைத்தான் முதலில் சொல்வார்கள். நுங்கு, மாங்காய், மோர், பழைய சோறு, குச்சி ஐஸ்... எதுவுமே விலை உயர்ந்தது இல்லை!

இவ்வளவு எளிய உணவு ஏன் இவ்வளவு ஆழமாக மனதில் தங்குகிறது? அந்த உணவுகளின் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டினால் ஒரு விடை கிடைக்கிறது. கோடை உணவு எதுவும் தனியாக உண்ணப்பட்டதில்லை. யாரோ ஒருவர் கொடுத்தார், யாரோ ஒருவர் கூட இருந்தார். அந்த "கூட" என்பதில்தான் ருசி இருக்கிறது.

முந்நீர் உண்டவர்கள்

சங்க இலக்கியத்திலேயே இந்தக் கோடைக் கொண்டாட்டத்துக்குச் சான்று இருக்கிறது. புறநானூற்றின் 24-ஆம் பாடல் ஒரு கடற்கரை ஊரைக் காட்டுகிறது. அங்கே இளம் பெண்கள் பனை நுங்கின் நீர், கரும்பின் சாறு, இளநீர் ஆகிய மூன்றையும் ஒன்றாகக் கலந்து குடிக்கிறார்கள். குடித்த கையோடு கடலில் பாய்ந்து விளையாடுகிறார்கள். முந்நீர் என்றால் மூன்று நீர். கடலுக்கும் முந்நீர் என்றே பெயர். புலவர் இந்தச் சொல்லை வைத்து அழகாக விளையாடியிருக்கிறார். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம்மூரில் 'ஜூஸ்' கலந்து குடித்திருக்கிறார்கள்!

அதே நூலின் 243-ஆம் பாடல் இன்னும் உருக்கமானது. தடியூன்றி நடக்கும் ஒரு முதியவர், இருமலுக்கு நடுவே இரண்டொரு சொல்லாகத் தம் இளமையை நினைத்துப் பார்க்கிறார். ஆற்று மணலில் பாவை செய்து விளையாடியது, கள்ளமில்லாத தோழர்களோடு திரிந்தது, மருத மரக் கிளையில் ஏறி, கரையில் நிற்பவர்கள் வியக்கும்படி 'தொபீர்' என்று மடுவில் குதித்தது, அடியாழம் போய் மணலை அள்ளி வந்து காட்டியது, எல்லாம் அவருக்கு நினைவுக்கு வருகிறது. அந்த இளமை இப்போது எங்கே போயிற்று என்று வருந்துகிறார். பாடியவரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. பாட்டில் வரும் தொடரை வைத்துத் தொடித்தலை விழுத்தண்டினார் என்றே அவரை அழைக்கிறோம். பெயர் போனாலும் அவர் நண்பர்களோடு குளித்த அந்த நாள் மட்டும் போகவில்லை.

பானையில் ஊறிய சோறு

கோடைக் காலையின் முதல் உணவு பழைய சோறு. இரவு மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி மண்பானையில் மூடி வைத்தால், விடிவதற்குள் நுண்ணுயிரிகள் அதை இலேசாகப் புளிக்க வைத்துவிடும். மண்பானையின் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து ஆவியாவதால் சோறும் குளிர்ந்திருக்கும். மேலே தெளிந்து நிற்கும் நீர்தான் நீராகாரம். அதில் உப்புப் போட்டுக் குடித்துவிட்டு வயலுக்குப் போனால், வியர்வையில் இழந்த நீரும் உப்பும் உடலுக்குத் திரும்பக் கிடைக்கும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்தில், வெயிலில் சோறு கெடாமல் காக்கவும் வீணாகாமல் பார்க்கவும் கண்டுபிடித்த எளிய வழி இது.

பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள என்ன? உடனே எல்லோரும் சொல்வது பச்சை மிளகாயும் சின்ன வெங்காயமும்தான். ஆனால் இந்த மிளகாய் நம்மூர்ப் பொருள் இல்லை என்பது குறிப்பிடத்தக்கது. அது அமெரிக்கக் கண்டத்தில் பிறந்த செடி. வாஸ்கோடகாமா 1498-ல் கோழிக்கோட்டுக்கு வந்த பிறகு, 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர்கள் வழியாக இந்தியாவுக்கு வந்தது. அதற்கு முன் நம் சமையலில் காரம் என்றால் மிளகுதான். மிளகு போல உறைக்கும் காய் என்பதால் புது வரவுக்கு மிளகாய் என்று பெயர் வைத்தார்கள். ஆக, ராஜராஜ சோழன் பச்சை மிளகாயைக் கடித்திருக்க வாய்ப்பே இல்லை!

மாவடு அப்படியல்ல. பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படையில், பாணர்களுக்கு இடப்படும் விருந்தில் மாவடு ஊறுகாய் இடம்பெறுகிறது. கோடை தொடங்குமுன் விழும் பிஞ்சு மாங்காயை உப்பிலிட்டு வைப்பது அவ்வளவு பழைய பழக்கம். இன்றும் ஜாடியைத் திறந்ததும் சுருங்கிய மாவடுவை முதலில் எடுக்கப் பிள்ளைகளுக்குள் போட்டி நடக்கும்.

பனையின் கீழ் ஒரு கூட்டம்

தமிழ்நாட்டின் மாநில மரமான பனைக்குக் கோடைதான் பருவம். நுங்குக் குலையை இறக்கிப் போட்டு அரிவாளால் சீவ, பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து கட்டை விரலை உள்ளே விட்டு நோண்டித் தின்பார்கள். நுங்குத் தண்ணீர் சட்டையில் பட்டால் கறை போகாது. அதற்காக அம்மாவிடம் வாங்கிய திட்டும் நினைவில் இருக்கும். தின்று முடித்த கூந்தல்களும் வீணாகாது. இரண்டை ஒரு குச்சியால் இணைத்து, நீண்ட கவைக் கம்பால் தள்ளினால் நுங்கு வண்டி! காசில்லாமல் கிடைத்த முதல் வாகனம் அது.

பதநீர் தென்மாவட்டங்களின் பெருமை. பனையின் பாளையைச் சீவி, அதில் கட்டிய கலயத்தில் சொட்டுச் சொட்டாக இறங்கும் இனிப்பு நீர் அது. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவாவிட்டால் புளித்துக் கள்ளாகிவிடும். தடவினால் பதநீராகவே நிற்கும். பனை ஓலையை மடித்துக் கட்டிய பட்டையில் ஊற்றிக் குடித்தால் ஓலை வாசமும் சேர்ந்து மணக்கும்.

இந்த இனிப்புக்குப் பின்னால் இருக்கும் உழைப்பு நினைவுகளில் அதிகம் வருவதில்லை. காலில் தளை மாட்டி, இடுப்பில் அரிவாள் பெட்டி கட்டி, ஒரே நாளில் பல மரங்களில் ஏறி இறங்க வேண்டும். மரம் சொரசொரப்பானது; மார்பும் கையும் காய்த்துப் போகும். தவறினால் உயிருக்கே ஆபத்து. அப்பா ஏறி இறக்கிய பதநீரை அம்மா காய்ச்சிக் கருப்பட்டியாக்குவார். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை என்பது விறகு பொறுக்கும் காலமும்தான். அடுத்தடுத்த தலைமுறைகளில் பலர் படித்து வேறு வேலைக்குப் போனதில் வியப்பில்லை. பதநீர் கிடைப்பது குறைந்துவிட்டதே என்று வருந்தும்போது இதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

தண்ணீர்ப் பந்தல்

வெயிலில் வரும் வழிப்போக்கருக்குத் தண்ணீரும் மோரும் கொடுப்பதைத் தமிழர்கள் பெரிய அறமாகக் கருதினார்கள். தண்ணீர்ப் பந்தல் நடத்த நிலம் எழுதி வைத்த செய்திகள் சோழர் காலக் கல்வெட்டுகளில் காணப்படுகின்றன. 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரியபுராணத்தில் ஒரு கதை உண்டு. திங்களூரில் வாழ்ந்த அப்பூதி அடிகள், தாம் நேரில் பார்த்தேயிராத திருநாவுக்கரசரின் பெயரில் தண்ணீர்ப் பந்தல் வைத்தார். அவ்வழியே வந்த நாவுக்கரசர், பந்தலில் தம் பெயரைக் கண்டு வியந்து விசாரித்தார். அங்கே தொடங்கியது அவர்களின் நட்பு. ஒரு குவளைத் தண்ணீர் இரண்டு பேரை வாழ்நாள் நண்பர்களாக்கிய கதை இது.

இன்றும் ராமநவமிக்கு நீர்மோரும் பானகமும் கொடுக்கும் வழக்கம் உள்ளது. வெல்லம், சுக்கு, ஏலக்காய், எலுமிச்சை, தண்ணீர், இவ்வளவுதான் பானகம். தெருவில் போகிற எவரும் நின்று குடிக்கலாம்.

புளிக்காத சோறும் புளித்த நினைவும்

ஆனால் எல்லோரும் எங்கும் நின்று குடிக்க முடிந்ததா? இல்லை. திருநெல்வேலிப் பக்கம் சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில், 1924-25 ஆண்டுகளில் பெரும் சர்ச்சை எழுந்தது. தேசிய உணர்வை வளர்க்கத் தொடங்கிய பள்ளி அது. பலரும் நிதி தந்திருந்தார்கள். ஆனால் அங்கே பிராமண மாணவர்களுக்கும் மற்ற மாணவர்களுக்கும் தனித்தனியாகச் சாப்பாடு, தனித்தனியாகத் தண்ணீர்ப் பானை. அவர்களுக்கு உப்புமா, நம் பிள்ளைகளுக்குப் பழைய சோறு என்ற பொருளில் பெரியார் இதைப் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

பழைய சோறு கெட்ட உணவு இல்லை. வீட்டில் ஆச்சி கையால் பிசைந்து உருட்டித் தந்தால் அது அமுதம். பக்கத்துப் பந்தியில் ஒருவனுக்குச் சுடச்சுட வைத்துவிட்டு, "உனக்கு இதுதான்" என்று தள்ளும்போது அதே சோறு அவமானம் ஆகிவிடுகிறது. அந்தச் சர்ச்சை தமிழக அரசியலையே அசைத்தது. 1925 நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டுடன் பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறியதற்குப் பின்னணியில் இருந்த காரணங்களில் இதுவும் ஒன்று. உணவை விடவும் அதைப் பகிரும் விதம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கப்பலில் வந்த குளிர்ச்சி

ஐஸ் நம்மூருக்கு வந்த கதை சுவையானது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரைச் சேர்ந்த ஃபிரெடரிக் டியூடர் என்ற வணிகர், குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளை வெட்டிப் பாளம் பாளமாக எடுத்து, மரத்தூளில் பொதிந்து கப்பலில் ஏற்றினார். 1833 மே மாதம் 180 டன் பனிக்கட்டியுடன் புறப்பட்ட கப்பல், நான்கு மாதம் கழித்துக் கல்கத்தா சேர்ந்தபோது சுமார் 100 டன் கரையாமல் இருந்தது! சென்னையிலும் கடற்கரையோரம் 1842-ல் ஒரு கிடங்கு கட்டப்பட்டது. அதுதான் ஐஸ் ஹவுஸ். உள்ளூரிலேயே ஐஸ் செய்யும் முறை வந்ததும் அந்த வணிகம் படுத்துவிட்டது. 1897-ல் விவேகானந்தர் அங்கே தங்கியதால் இன்று அது விவேகானந்தர் இல்லம்.

அன்று அந்த ஐஸ் வெள்ளைக்காரர்களுக்கும் வசதி படைத்தவர்களுக்கும் மட்டுமே எட்டியது. பிறகு காலம் மாறியது. சைக்கிளின் பின்னால் பெட்டி கட்டி, "பாம் பாம்" என்று ஹாரன் அடித்து ஐஸ்காரர் தெருவுக்கே வந்தார். பால் ஐஸ், சேமியா ஐஸ், கலர் கலராகக் குச்சி ஐஸ். காசு இல்லாத நண்பனுக்கு ஒரு கடி கொடுக்கும்போது, "பல்லு படாம கடிடா" என்று சொன்னவர்கள் எத்தனை பேர்!

மாடியில் காயும் வடாம்

எல்லோரும் சேர்ந்து செய்த கோடை வேலை ஒன்று உண்டென்றால் அது வடாம் போடுவதுதான். விடியற்காலையிலேயே கூழ் காய்ச்சி, பச்சை மிளகாயும் பெருங்காயமும் சேர்த்து, வெயில் ஏறுவதற்குள் மாடியில் விரித்த பழைய வேட்டியில் ஊற்ற வேண்டும். ஆச்சி கூழ் கிளற, அம்மாவும் சித்தியும் பிழிய, காக்கை விரட்டும் பொறுப்பு பிள்ளைகளுக்கு. காக்கை தின்றதைவிடக் காவல்காரர்கள் தின்றதுதான் அதிகம்! பாதி காய்ந்த வடாமின் ருசி பொரித்த வடாமுக்கு வராது என்பது காவல் இருந்தவர்களுக்குத் தெரியும். அடுத்த மழைக்காலம் வரை டப்பாவில் இருக்கப்போவது அந்த வெயில்தான்.

இன்று வடாம் கடையில் பாக்கெட்டில் கிடைக்கிறது. மிஞ்சிய சோறு குளிர்சாதனப் பெட்டிக்குள் போகிறது. அங்கே அது எளிதில் புளிக்காது. இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அடுப்படியில் வெந்த பெண்களுக்கும் பனையேறிய தொழிலாளிகளுக்கும் சுமை குறைந்திருந்தால் அது நல்லதுதான். ஆனால் சுமையோடு சேர்ந்து அந்த வட்டமும் கலைந்துவிட வேண்டியதில்லை அல்லவா?

இந்தக் கோடையில் ஒரு நாள் பானையில் சோற்றை ஊறவிட்டு, நாலு பேரைக் கூப்பிட்டு உட்கார்ந்து பாருங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் அவர்கள் காலத்துக் கோடையைக் கேட்டு எழுதி வையுங்கள். மடுவில் குதித்த அந்த முதியவரைப் போல அவர்களிடமும் சொல்ல நிறைய இருக்கும். கேட்கத்தான் ஆள் வேண்டும்.