நீலியின் கட்சி

திருவாலங்காடு என்றால் சரித்திரக்காரர்களுக்குச் செப்பேடுதான் ஞாபகம் வரும். 1905-ல் கிடைத்தது, 31 ஏடுகள். ராஜேந்திர சோழன் தன் 6-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1018 வாக்கில், பக்கத்துப் பழையனூரை ஆலங்காட்டு ஈசனுக்குக் கொடுத்த சாஸனம். அந்தப் பழையனூரை நான் அறிந்தது செப்பேட்டால் அல்ல, பாட்டியின் பல்லாங்குழியால்.

பதினாலு குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை. கை காயைப் போட்டுக்கொண்டே போகும். வாய் நீலி கதை சொல்லும். கணவனால் கொலையுண்டவள் பேயாகி, கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, மறுபிறவியில் வணிகனாய் வந்த அவனைத் துரத்திப் பழையனூர்ச் சபையில் வழக்காடினாள். "இவள் மனைவியல்ல, பேய்!" என்று அலறினான் அவன். "உனக்கு ஏதாவது நேர்ந்தால் எங்கள் உயிர் பொறுப்பு" என்று வேளாளர் எழுபது பேர் வாக்குக் கொடுத்தார்கள். விடிந்தால் பிணம்! சொன்னபடியே தீப்பாய்ந்தார்கள். குழியில் நாலு காய் சேர்ந்ததும் "பசு!" என்று பாட்டி அள்ளிக்கொள்வது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். நான் வாயைப் பிளந்துகொண்டிருப்பேனே!

ஊரெல்லாம் வேளாளரின் வாக்குத் தவறாமையைக் கொண்டாடும். பாட்டி மட்டும் நீலியின் கட்சி. "முதல் கொலையை எந்தச் சபையடா விசாரித்தது?" என்பாள்.

7-ஆம் நூற்றாண்டிலேயே சம்பந்தர் தம் ஆலங்காட்டுப் பதிகத்தில் இந்தக் கதையைத் தொட்டிருக்கிறார் என்பது காலேஜில் படிக்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஓடிவந்து சொன்னேன்.

"அவருக்கு யார் சொன்னார்களாம்? அவர் பாட்டியாக இருக்கும். சரி, உன் ஆட்டம், போடு" என்றாள் பாட்டி.